ஊமையாக்கிய எஞ்சின்

நான் ஒரு முட்டாள் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். படிப்பவர்கள் கண்டுபிடிக்கிற சிரமமாவது மிச்சமாகட்டும். என்னைவிட வயதில் மூத்த ஒரு காரை வாங்கி, கல்யாணத்தன்று மகளை அதில்தான் மாதா கோயிலுக்கு அழைத்துப்போவேன் என்று கும்பகோணத்திலிருந்து சீர்காழி வரைக்கும் உள்ள சொந்தக்காரர்களிடமெல்லாம் அளந்துவிட்டேன். அவளும் ஆசையாகத்தான் தலையாட்டினாள்.

கார் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. எனக்குத்தான் பொறுக்கவில்லை. எஞ்சினின் தலைப்பக்கம் தையல் மெஷின்போல டிக் டிக்கென்று ஒரு சத்தம். மணப்பெண் போகிற கார் இப்படிப் புலம்பலாமா? கைப்பேசியில் ஒரு வீடியோவைப் பாதி பார்த்துவிட்டு, கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் மூடியைக் கழற்றினேன். ஒவ்வொரு வால்வுக்கும் அதை அமுக்குகிற இரும்புக் கைக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி இருந்தது. சத்தம் அங்கிருந்துதான் என்று புரிந்துவிட்டது. அந்த இடைவெளி இருந்தே ஆகவேண்டும் என்பது வீடியோவின் மறுபாதியில் இருந்ததாம். எல்லாவற்றையும் இறுக்கினேன். சத்தம் போயிற்று. எஞ்சின் சூடேறியதும் வால்வுகள் சரியாக மூடாமல், இழுவையும் போயிற்று. குளிர்ஜுரம் கண்டதுபோல் கார் நின்ற இடத்திலேயே உதறியது.

என் கைவேலையில் தப்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றுமா? டைமிங் போய்விட்டது என்று தீர்ப்புச் சொன்னேன். பிளக்குகளுக்கு நேரம் பார்த்துப் பொறி அனுப்புகிற டிஸ்டிரிபியூட்டரைப் பிடித்து, ரேடியோவில் ஸ்டேஷன் தேடுவதுபோல் திருகினேன். பொறி பிந்திப்போனது. எரியாத பெட்ரோலெல்லாம் சைலன்சருக்குள் போய் வெடித்தது. டமார்! ஒன்றல்ல, வரிசையாக. வாய்க்காலில் மேய்ந்த வாத்துகள் கரையேறி ஓடின.

எங்கள் ஊரில் சாவு விழுந்தால் வெடி போட்டுத்தான் தெரியப்படுத்துவார்கள். எதிர்வீட்டுக்காரர் தோளில் துண்டோடு ஓடி வந்தார். கல்யாணப் பந்தலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்னண்ணே இது, இந்த நேரத்துல! யாருங்க? எப்ப எடுக்குறீங்க?"

"யாரும் போவல தம்பி. கார்தான்."

"காருக்கா? எங்கப்பாவுக்கே நாங்க இவ்வளவு போடலயே!"

அதற்குள் என் மனைவி ஈரக்கையோடு வெளியே வந்துவிட்டாள்.

"பொண்ணு கல்யாணத்துக்கு மொத நாள் சாவு வெடி போட்ட ஒரே அப்பன் நீங்கதான். டிக் டிக்குன்னு சத்தம் போட்டப்ப வண்டி ஓடுச்சா இல்லையா?"

"ஓடுச்சு."

"அப்ப அந்தச் சத்தத்தையே திரும்பக் கொண்டாங்க."

வீடியோவின் மறுபாதியும் அதையேதான் சொன்னது, மரியாதையாக. எஞ்சினை ஆறவிட்டேன். இடைவெளி பார்க்கிற மெல்லிய தகட்டைச் செருகி, லேசான பிடிப்போடு உருவி வருகிற அளவுக்கு ஒவ்வொன்றையும் தளர்த்தினேன். பொறியையும் பழைய குறிக்கே கொண்டுவந்தேன். சாயங்காலம் கார் ஒரே சாவியில் கிளம்பி, அம்சமாகப் புலம்பியது.

கையெல்லாம் கிரீஸோடு வீட்டுக்குள் ஓடினேன். மகள் மருதாணிக் கைகளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மாடி, கார் ரெடி! காலைல அப்பாகூட ராணி மாதிரி போறே!"

அவள் மருதாணியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"ஆட்டோ சொல்லியாச்சுப்பா."