ரீட்டா அக்காவும் மூன்று ஃபேன் கார்டும்

ரீட்டா அக்கா போய்விட்டார். இன்று காலை, கதிர்காமம் ஆஸ்பத்திரியில்.

பாண்டிச்சேரி காமராஜ் சாலைப் பக்கம் கம்ப்யூட்டர் பார்ட்ஸ் வாங்கியவர்களுக்குத் தெரிந்திருக்கும்... கவுன்ட்டரில், கழுத்தில் தையல்காரர் மாதிரி இஞ்ச் டேப்போடு ஒரு அம்மாள். அவர்தான்.

முதல் நாளே அவரிடம் போய், "கிராஃபிக்ஸ் கார்டு பாக்கணும், ஓனர் சார் இல்லீங்களா?" என்று கேட்ட அறிவாளி நான்.

"ஓனர் சாப்புட போயிருக்காரு. அவருக்கும் நான்தான் சொல்லிக்குடுக்கணும். என்ட்டயே கேளுங்க, முசே."

எல்லா ஆம்பளைக்கும் அந்தக் கடையில் 'முசே'தான். பிரெஞ்சு மரியாதை மாதிரி இருக்கும். ஆனால் கிண்டல்.

ஐம்பது வயதில் கேமிங் பிசி வாங்குகிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. மச்சான் பொண்ணுக்கு என்று சொல்லிவைத்தேன்.

"மச்சான் பொண்ணு என்னா கேம் ஆடும்?"

கார் ரேஸ், துப்பாக்கிச் சண்டை, டிராகன் வேட்டை என்று நான் கண் மின்ன அடுக்கினேன். அக்கா நிதானமாக என் முகத்தைப் பார்த்தார். "சரி... மச்சான் பொண்ணுக்கு வெள்ளெழுத்து வந்து எத்தினி வருசமாச்சி?"

அன்றே ஃபேஸ்புக்கில் ஃபிரெண்ட் ஆகிவிட்டோம்.

அடுத்த நாள் கம்ப்யூட்டர் கேபினெட்டை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு போனேன். கலர் கலராக லைட் எரிகிறதே என்று அதைத்தான் முதலில் வாங்கியிருந்தேன். அக்கா டேப்பைப் போட்டு உள்பக்கம் அளந்தார். "கேபினெட்ட வாங்கிட்டு வந்து கார்டு தேடுறியே தம்பி. தாலிய வாங்கிட்டு பொண்ணு பாக்கப் போன கத."

பட்ஜெட்டுக்கு இரண்டு கார்டு தேறியது. ஒன்று எட்டு ஜிபி, சூடு தணிக்க இரண்டு ஃபேன். இன்னொன்று பன்னிரண்டு ஜிபி, மூன்று ஃபேன். மூன்று ஃபேன் கார்டு கேபினெட்டில் முக்கால் இஞ்ச் இடித்தது. எனக்கோ அதன் மேல்தான் ஆசை.

இரண்டும் நடுத்தர கார்டுதானே அக்கா, எது நல்லது என்றேன். "ரெண்டும் உன் வயசு மாதிரிதான். வேல செய்யும். ஆனா சூடாவும்."

இங்கேதான் சொல்லவேண்டியதைச் சொல்லவேண்டும்.

அக்காவுக்கு ஒரு பழக்கம். போனில் படம் காட்ட மாட்டார். பெட்டியைக் கையில் கொடுத்து, எடை பார்க்க வைத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் முடிவு பண்ணச் சொல்வார். பெட்டிகள் பரண் மேலே இருக்கும். ஏணி போட்டு அவரே ஏறுவார். யாரையும் ஏறவிட மாட்டார், அடுக்கு கலைந்துவிடுமாம்.

நான் நான்கு தடவை போனேன். யூடியூபில் ஒருத்தன் எட்டு ஜிபி பத்தாது என்பான், போவேன். இன்னொருத்தன் போதும் என்பான், மறுபடி போவேன். நான்கு தடவையும் அக்கா ஏறி இறங்கினார்.

நாலாவது தடவை இறங்கி வந்தவர் கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு புஸ் புஸ் என்று வந்தது. நான் பெட்டியைக் காட்டி, "இதுக்கு மூணு ஃபேன். உங்களுக்கு எத்தினி ஃபேன்க்கா ஓடுது?" என்றேன்.

அக்கா சிரித்தார். சிரித்து முடிக்க மூச்சு பத்தவில்லை... கையை மட்டும் ஆட்டினார். அதுவும் எனக்குக் காமெடியாகத்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து பதிவு போட்டேன். 'பாண்டிச்சேரியிலேயே அதிகச் சத்தம் போடும் கூலிங் ஃபேன் ரீட்டா அக்காவிடம்தான் இருக்கிறது' என்று ஆரம்பிக்கும். நீங்கள் படித்திருப்பீர்கள். சிரித்திருப்பீர்கள். என் பதிவுகளில் அவ்வளவு பேர் சிரித்தது அது ஒன்றுக்குத்தான்.

அதற்குப் பிறகு கடைக்குப் போனவர்களெல்லாம், "அக்கா, இன்னிக்கி ஃபேன் ஃபுல் ஸ்பீடா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். நானே கேட்டிருக்கிறேன். "ஏன்க்கா இப்படி மூச்சு வாங்குது, டாக்டர்கிட்ட போனீங்களா?" என்று மட்டும் கேட்கவில்லை.

அந்த நாலாவது தடவையே கார்டை அக்காதான் முடிவு பண்ணியிருந்தார். "உன் மானிட்டருக்கு இந்த ரெண்டு ஃபேனே தண்டம். எடுத்துக்கினு கெளம்பு. இன்னொரு வாட்டி என்னால ஏற முடியாது."

இன்னொரு வாட்டி என்னால் ஏற முடியாது... அதை நான் அலுப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

காலையில் அவர் வீட்டுக்காரர் அந்தோணி அண்ணன் போன் பண்ணினார். இதயத்தில் வால்வு கோளாறாம். ஒரு வருஷமாகவே இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். அந்தப் பதிவு... என்று இழுத்தேன்.

"அத விடு தம்பி. படிச்சிட்டு உழுந்து உழுந்து சிரிச்சா. நாங்களே வூட்ல ஃபேன், ஃபேன்னுதான் கூப்புட்டுக்கினு இருந்தோம்" என்றார்.

திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

போனை வைத்ததும் அந்தப் பதிவை அழிக்கப் போனேன். நிச்சயமாக நீக்கவேண்டுமா என்று கேட்டது. கீழே அக்காவின் கமென்ட் இருந்தது, சிரிப்பு பொம்மையோடு:

"கார்டுக்கு மூணு வருசம் வாரண்டி இருக்கு முசே. என்னுதுக்கு பில்லு தொலஞ்சி போச்சி."

பதிவை அழித்தால் இதுவும் போய்விடும்.

அழிக்கவில்லை. வைத்திருக்கவும் முடியவில்லை. தயவுசெய்து அதில் இனி யாரும் சிரிப்பு போடாதீர்கள்.

நாளை மாலை நான்கு மணிக்கு வீட்டிலிருந்து எடுக்கிறார்கள். மாதா கோவிலில் பூசை முடிந்து உப்பளம் கல்லறைக்கு. அவரிடம் கார்டு வாங்கியவர்கள் வாருங்கள்.

மெதுவா போங்க அக்கா... நின்னு நின்னு போங்க.