நார்வே கப்பலுக்குப் பதிலாக ஒரு கசாப் படகு

நார்வே கடற்கரையோரம் ஒரு வாரம் குடும்பத்தோடு கப்பலில் போவது பற்றித் தேடி இங்கே வந்தவர்கள் மன்னிக்கவும். நானும் அதைத்தான் எழுதியிருக்க வேண்டும். "டென்த் முடி, ஜூன் மாசம் நார்வே போறோம்" என்று மகள் அபியிடம் நான்கு வருடமாகச் சொல்லி வந்தேன். அவளும் கப்பல் நிற்கும் துறைமுகங்களை மனப்பாடம் செய்து, குவைத் மங்காஃபில் ஐம்பது டிகிரி வெயிலில் ஒரு கம்பளித் தொப்பியும் வாங்கி வைத்திருந்தாள். போனது என்னவோ மார்ச் கடைசியில், ஓமனின் வடகோடியில் இருக்கும் முசந்தத்துக்கு. மலைகளுக்கு நடுவே கடல் புகுந்து கிடப்பதால் அதை அரேபியாவின் நார்வே என்பார்கள். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குவைத்தில் பத்தொன்பது வருடமாக ஒரே கம்பெனியில் சைட் இன்ஜினியராக இருக்கிறேன். டிசம்பரில் கூப்பிட்டு, ஜூலையோடு ரெசிடென்சி, அதாவது இங்கே தங்கும் அனுமதி, முடிகிறது, புதுப்பிக்கப் போவதில்லை, கலாஸ், அவ்வளவுதான் என்றார்கள். ஐரோப்பிய விசாவுக்கு, பயணம் முடிந்து வந்த பிறகும் மூன்று மாதம் ரெசிடென்சி பாக்கி இருக்க வேண்டுமாம். ட்ராவல்ஸ்காரர் கையை விரித்தார்.

என் மனைவி கலாவுக்கு எல்லாம் தெரியும். அபிக்குச் சொல்லவில்லை. அவள் மங்காஃபிலேயே பிறந்து வளர்ந்தவள். ஊர் என்றால் அவளுக்கு வருடத்தில் ஒரு மாத லீவு, அவ்வளவுதான். பரீட்சை முடியட்டும் என்றேன். "முடிஞ்சதும் சொல்லிடணும். டிசி வாங்கணும், பட்டுக்கோட்டையில ப்ளஸ் ஒன் சேர்க்கணும். இந்த ட்ரிப்புக்குள்ள நீங்கதான் சொல்றீங்க" என்றாள் கலா.

முசந்தம் அபியின் யோசனைதான். பிப்ரவரியில் ஒரு நாள் சாப்பிடும்போது, "நார்வே ரொம்பக் குளிரும்பா, வேணாம். பக்கத்துலயே ஒண்ணு இருக்கு" என்றாள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று சந்தோஷப்பட்டேன். ஒரு பொய் சொல்வது மிச்சம்.

துபாய் போய் அங்கிருந்து காரில் முசந்தம் போகிறவர்கள்தான் அதிகம். சுமார் மூன்று மணி நேரம். ஆனால் எங்களுக்குக் கிடைக்கும் எமிரேட்ஸ் விசா ஒரு தடவை நுழைவதற்குத்தான். ஓமனுக்குள் போய்விட்டுத் திரும்பி வர இன்னொன்று வேண்டும். அதனால் மஸ்கட் வழி. காலை 7.40க்குக் குவைத்தில் ஏறி, 10.40க்கு மஸ்கட். அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. பிறகு 1.30க்குச் சின்ன விமானம், 2.40க்கு முசந்தத்தின் பெரிய ஊரான கசாப். மூவருக்கும் போக வர 264 தினார் ஆனது.

மஸ்கட் இமிக்ரேஷனில் அதிகாரி என் குவைத் அடையாள அட்டையான சிவில் ஐடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரெசிடென்சியில் நான்கு மாதம்தான் பாக்கி இருந்தது. கடைசியில் விட்டுவிட்டார். அபி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

விமானத்தில் சொல்லலாம் என்றிருந்தேன், தூங்கிவிட்டாள். ஓட்டலில் சொல்லலாம் என்றால் எல்லோருக்கும் பசி. சாக்குக்கா பஞ்சம்.

மறுநாள் காலை 9.30க்குப் படகு. துறைமுகத்துக்கு டாக்ஸி மூன்று ரியால். முழு நாள் சவாரி, மதியச் சாப்பாட்டோடு தலைக்கு 18 ரியால், நான்கு மணிக்குத் திரும்பும். மரப்படகில் கம்பளம் விரித்து, சாய்ந்துகொள்ளத் தலையணை போட்டிருக்கிறார்கள். அன்றைக்கென்று பார்த்துத் தூசி மூட்டம். இரண்டு பக்கமும் மொட்டை மலை, ஒரு மரம் கிடையாது. டால்பின் நிச்சயம் என்று விளம்பரம் சொன்னது. படகோட்டி ரஃபீக் பாய் விசிலடித்து, கை தட்டி, பலகையில் தட்டியும் பார்த்தார். ஒரு வாலைக்கூடக் காணவில்லை.

ரஃபீக் பாய் வங்காளதேசத்துக்காரர். தண்ணீர் ஓரமாகப் பத்துப் பன்னிரண்டு வீடுகள் இருந்த ஒரு கிராமத்தைக் காட்டினார். ரோடு கிடையாது, குடிதண்ணீரும் படகில்தான் வருகிறது. வெயில் ஏறினால் எல்லோரும் கசாபுக்குப் போய்விடுவார்கள் என்று இந்தியில் சொன்னார்.

"திரும்பி வருவாங்களா?" என்று அபி இந்தியிலேயே கேட்டாள்.

"வயசானவங்க வருவாங்க. பிள்ளைங்க அங்கேயே இருந்துடுறாங்க."

கலா என் முழங்கையைக் கிள்ளினாள்.

11.45க்கு டெலிகிராஃப் தீவு. நீந்துவதற்காக ஒரு மணி நேரம் நிறுத்துகிறார்கள். மற்ற பயணிகள் குதித்துவிட்டார்கள். படகில் நாங்கள் மூவர்தான்.

"அபி, ஜூலைக்கு அப்புறம் நாம..." என்று ஆரம்பித்தேன்.

"எனக்கு ஆல்ரெடி தெரியும்பா" என்றாள். "ஜனவரியில ஒரு அரபு மெசேஜ் வந்துச்சே, ஞாபகம் இருக்கா?"

நான் அரபு பேசுவேன், படிக்கத் தெரியாது. ஸ்கூலில் அரபு படிக்கிற பிள்ளை வீட்டில் இருக்கும்போது எதற்குக் கற்க வேண்டும்? டூட்டி முடிந்து வந்ததும் போனை நீட்டி, "என்னம்மா போட்டிருக்கான்?" என்று கேட்பது இங்கே குவைத்தில் என்னைப் போன்ற அப்பாக்களின் பழக்கம். ட்ராஃபிக் ஃபைனா, கரன்ட் பில்லா என்று அவள் சொல்வாள். அன்றைக்கும் யோசிக்காமல் நீட்டினேன். "ஒண்ணுமில்லப்பா, விளம்பரம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் படிக்கப் போய்விட்டாள்.

"அது விளம்பரம் இல்ல. உங்க ஒர்க் பெர்மிட் ஜூலையோட முடியுது, கம்பெனி ரின்யூ பண்ணலன்னு இருந்துச்சு."

"ஏம்மா சொல்லல?"

"நான் சொல்லலைன்னா நடக்காதோன்னு நினைச்சேன்." அவளே தொடர்ந்து, "நீங்களும் சொல்லல. நெட்ல பார்த்தேன், விசா கிடைக்காதுன்னு போட்டிருந்துச்சு. அதான் குளிரும்னு சொன்னேன்" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பிள்ளையின் பரீட்சை கெடக் கூடாது என்று நான் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். அவளோ அதை மனதில் வைத்துக்கொண்டே எல்லாப் பரீட்சையும் எழுதியிருக்கிறாள். கலா அவளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள்.

"பட்டுக்கோட்டையில எனக்கு யாரையுமே தெரியாதேப்பா" என்றாள் அபி. இத்தனை வருடத்தில் எனக்கும் அங்கே அதிகம் பேரைத் தெரியாமல் போய்விட்டது.

ஒரு மணிக்குப் பிரியாணி வந்தது. நன்றாகத்தான் இருந்திருக்கும், நாங்கள் சரியாகச் சாப்பிடவில்லை. திரும்பும்போது அபி பையிலிருந்து அந்தக் கம்பளித் தொப்பியை எடுத்து, இருபத்தேழு டிகிரி வெயிலில் தலையில் மாட்டிக்கொண்டாள். "ஒரு போட்டோ எடுங்கப்பா, நார்வேன்னு போட்டுக்கலாம்." எடுத்தேன். பின்னால் மலை மங்கலாகத்தான் விழுந்திருக்கிறது.

போக நினைப்பவர்கள் நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் போய்விடுங்கள், அதற்குப் பிறகு வெயில் கொன்றுவிடும். டால்பினை நம்பிக் காசு கொடுக்க வேண்டாம். விசா விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். நார்வே மாதிரி தூரப் பயணம் ஏதாவது மனதில் இருந்தால், ரெசிடென்சியில் ஒரு வருடமாவது பாக்கி இருக்கும்போதே போய்விட்டு வாருங்கள். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று நான் நான்கு வருடம் சொன்னேன்.

அரபு மெசேஜைப் பிள்ளைகளிடம் நீட்டுகிறவர்களுக்கு ஒன்று. "ஒண்ணுமில்லப்பா, விளம்பரம்" என்று போனைத் திருப்பிக் கொடுத்தால், பிள்ளையின் முகத்தை ஒரு தடவை பாருங்கள். நான் அன்றைக்கு டிவி பார்த்துக்கொண்டிருந்தேன்.