உப்புக்கு மூன்று மதிப்பெண்

எங்கள் குடும்பப் பதிவேட்டில் காலமானவர் ஒவ்வொருவருக்கும் சில பக்கங்கள் ஒதுக்குகிறோம். இவை சின்ன மாமாவின் பக்கங்கள். என் அம்மாவுக்கு ஓர் அண்ணன், ஒரு தம்பி. அண்ணன் எங்களுக்குப் பெரிய மாமா. அட்டைப்பெட்டி செய்யும் பட்டறை வைத்திருந்தவர். தம்பி சின்ன மாமா. மருந்து நிறுவனமொன்றில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவர். ஒருவரை விட்டுவிட்டு மற்றவரைப் பற்றி எழுத முடியாது என்பதால், பெரிய மாமாவின் அனுமதியோடு இருவரையும் சேர்த்தே எழுதுகிறேன்.

சின்ன மாமா எழுத்தராகச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், வெளிநாட்டிலிருந்து வந்த வாடிக்கையாளர்களுடன் மதிய உணவுக்கு உட்கார வைக்கப்பட்டார். கோப்புகளைத் தூக்கி வர ஓர் ஆள் தேவைப்பட்டதைத் தவிர வேறு காரணமில்லை. சூப்பை உறிஞ்சிக் குடித்தார். இயக்குநர் தம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அந்தச் சத்தம் முடியும்வரை காத்திருந்தார். மேசையில் இருந்த மற்றவர்களும் காத்திருந்தார்கள்.

அந்தக் காத்திருப்பைச் சின்ன மாமா மறக்கவே இல்லை. ஓட்டலில் பரிமாறும் ஒருவரைச் சிநேகம் பிடித்து, விடுமுறை நாட்களில் காலி மேசையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். எந்தக் கரண்டியை முதலில் எடுப்பது, கைத்துண்டை எப்போது விரிப்பது, சாப்பிட்டு முடித்ததற்கு அடையாளமாகக் கத்தியை எப்படிச் சாய்த்து வைப்பது என எல்லாமே. பத்து ஆண்டுகளில், வாடிக்கையாளர்களோடு உண்ணப் போகும் ஒவ்வோர் அதிகாரிக்கும் அவரே பயிற்சியளிக்க வேண்டும் என்று நிறுவனம் உத்தரவிட்டது. மூன்றாம் மாடிக் கூட்ட அறையில் வெறும் தட்டுகளை வைத்து வகுப்பு நடக்கும். பிறகு வெளி நிறுவனங்களும் கட்டணம் செலுத்தி ஆட்களை அனுப்பின. அலுவலகத்தில் அவருக்குப் பெயர் ‘கரண்டி வாத்தியார்’. “கரண்டி வாத்தியார் வராரு, கொட்டாவி விடுறதுன்னா இப்பவே விட்டுக்கோங்க” என்பார்களாம்.

அவரே ஒரு மதிப்பெண் தாளும் தயாரித்தார். ஒரே பக்கம், பதினான்கு வரிசை, மொத்தம் நாற்பது மதிப்பெண். ஒன்பதாம் வரிசை: ருசி பார்க்குமுன் உப்புச் சேர்க்காதிருத்தல், மூன்று மதிப்பெண். வகுப்பில் இந்த இடம் வந்ததும் குரலை உயர்த்துவார்.

“வாயில வைக்கறதுக்கு முன்னாடியே உப்பு போடுறவன், சோதிச்சுப் பாக்காம முடிவெடுக்கிற ஆளு. அப்படிப்பட்டவன நம்பி மருந்துக் கம்பெனில எந்த வேலையக் குடுப்பீங்க?”

எல்லோரும் கை தட்டுவார்களாம்.

பெரிய மாமா பதினைந்து வயதில் பட்டறைக்குப் போனவர். அங்கே மூலையில் ஒரு பீப்பாயில் பசை கொதித்துக்கொண்டே இருக்கும். காற்று பட்டால் அட்டை வளைந்துவிடும் என்று சன்னல்களைத் திறக்க மாட்டார்கள். நாற்பது வயதுக்குள் அவருக்கு மணம் தெரியாமல் போயிற்று. அதன் பின்னாலேயே ருசியும் போயிற்று. சின்ன மாமா பட்டம் பெற்றது அந்தப் பீப்பாயின் தயவால்தான் என்பதை இங்கே குறிக்காமல் விட்டால் பதிவு முழுமையாகாது. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவார்கள். பெரிய மாமா உட்காருமுன் அம்மா உப்புக் குப்பியை அவர் தட்டருகே வைத்துவிடுவார். தட்டில் என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் அவர் கை குப்பிக்குப் போகும்.

“எனக்கு எல்லாமே அட்டைதான். உப்பு போட்டா, உப்பு போட்ட அட்டை. அவ்ளோதான் வித்தியாசம்” என்று சிரிப்பார்.

சின்ன மாமாவின் நிறுவனம் தன் மருந்துப் பெட்டிகள் அனைத்தையும் ஒரே இடத்தில் வாங்குவதென முடிவு செய்த ஆண்டில், பெரிய மாமாவின் பழைய வாடிக்கையாளர்கள் பிளாஸ்டிக்குக்கு மாறியிருந்தார்கள். இந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் பட்டறையை மூட வேண்டும். பதினொரு பேர் வேலையிழப்பார்கள். கடைசிச் சுற்றில் இருவரே எஞ்சினார்கள். விலையிலும் தரத்திலும் வேறுபாடில்லை. இப்படிப்பட்ட நேரங்களில் இயக்குநர் இருவரையும் தனித்தனியே உணவுக்கு அழைத்து, சின்ன மாமாவின் தாளைப் பார்த்து முடிவெடுப்பார். ஒருவர் தம் அண்ணன் என்று சின்ன மாமா முன்கூட்டியே சொன்னார். “அதனால என்ன? உங்க நேர்மை எங்களுக்குத் தெரியாதா? நீங்களே மார்க் போடுங்க” என்றார் இயக்குநர். அந்த வாக்கியத்தைச் சின்ன மாமா எங்கள் வீட்டில் பலமுறை பெருமையாகச் சொன்னார்.

உணவுக்கு முந்தைய ஞாயிறன்று பெரிய மாமா கேட்டார்:

“டேய், எந்தக் கரண்டி எதுக்குன்னாவது சொல்லேன்டா. ஊருக்கெல்லாம் சொல்லித்தர்றே.”

“இப்ப சொல்லக்கூடாது அண்ணா. கேள்வித்தாள முன்னாடியே காட்டுற மாதிரி ஆயிடும்.”

“அந்த இன்னொரு பார்ட்டி உன் கிளாஸுக்கு வந்தவராமே?”

“அது போன வருஷம். அவர் காசு கட்டிப் படிச்சாரு.”

அம்மா சட்டியை நங்கென்று கீழே வைத்தார்.

அந்த மதிய உணவைப் பற்றி இரு மாமாக்களும், உடனிருந்த கொள்முதல் அதிகாரியும் சொன்னவை ஒத்துப்போகின்றன. பெரிய மாமா புதுச் சட்டையில் வந்தார். பக்கத்தில் இருந்தவர் எடுப்பதைப் பார்த்துத் தாமும் எடுத்தார். மெல்லும்போது பேசவில்லை. தொழிலைப் பற்றி இயக்குநர் கேட்டதற்கு, “நாங்க பண்ற சரக்க மட்டுந்தாங்க, வாங்கின உடனே கிழிச்சுப் போடுறாங்க” என்றார். இயக்குநர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அடுத்து மீன் வந்தது. இயக்குநர் பரிமாறுபவரிடம் ஏதோ சொல்லத் திரும்பினார். கொள்முதல் அதிகாரி தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பெரிய மாமாவின் கை, பல ஆண்டுப் பழக்கத்தில், உப்புக் குப்பிக்குப் போய், மீன்மேல் தூவிவிட்டுத் திரும்பியது.

பார்த்தவர் ஒருவர்தான்.

எதிராளிக்கு முப்பத்தெட்டு. பெரிய மாமாவுக்கு முப்பத்தாறு.

அடுத்த ஞாயிறு பெரிய மாமா கேட்டார்: “அவ்ளோ சிரிச்சாரேடா. போகும்போது கைகூட குலுக்கினாரு. எங்கடா கோட்டை விட்டேன்?”

“உப்புல, அண்ணா.”

“எந்த உப்பு?”

“ருசி பாக்காம போட்டீங்க. அதுக்கு மூணு மார்க்.”

அம்மா எழுந்துவிட்டார். “அவருக்கு நாக்கு செத்துப் போச்சுன்னு உனக்குத் தெரியாதா? யாருக்காகச் செத்துச்சுன்னும் தெரியாதா? அத எழுத வேண்டியதுதானே!”

“தாள்ல காரணம் எழுத எடம் இல்லக்கா.”

“பின்பக்கம் காலியாத்தானேடா கெடந்துச்சு?”

பெரிய மாமா கையமர்த்தினார். “விடும்மா. பாக்காம போட்டது நான்தானே. இனிமே பாத்துப் போடுறேன்.” தட்டருகே இருந்த குப்பியைத் தள்ளி வைத்துவிட்டுச் சாப்பிட்டார். அன்றிலிருந்து சின்ன மாமா இருக்கும்போது அவர் உப்பைத் தொட்டதில்லை.

நான்கு மாதத்தில் பட்டறை மூடப்பட்டது. பெட்டி மடிக்கும் இயந்திரத்தைப் பழைய இரும்புக்காரர் எடுத்துச் சென்றார். பெரிய மாமா அந்த எதிராளியின் கிடங்கிலேயே மேற்பார்வையாளராகச் சேர்ந்தார். அங்கே மதிய உணவு நின்றுகொண்டே சாப்பிடுவது.

சின்ன மாமா ஓய்வு பெற்றபோது நிறுவனம் விருந்தளித்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே வகுப்பும் தாளும் நிறுத்தப்பட்டிருந்தன. புதிய இயக்குநர் தொலைபேசியை மேசைமேல் வைத்து, அதைப் பார்த்தபடியே சூப்பில் உப்பைத் தூவினார். விருந்தினராக வந்திருந்த பழைய இயக்குநர் சின்ன மாமாவின் பக்கம் சாய்ந்து சொன்னாராம்: “உங்கண்ணன் சொன்ன அந்தப் பெட்டி ஜோக்க இன்னும் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன். நல்ல மனுஷன். அவருக்குத்தான் குடுக்கணும்னு இருந்தேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு பாத்தேன், சொல்லல. நீங்களே வேணாங்கறீங்கன்னு நெனச்சுட்டேன்.”

இதைச் சின்ன மாமா அம்மாவிடம் மட்டும் சொன்னார். அடுத்த ஞாயிறு, சாப்பாட்டு நேரத்தில், உப்புக் குப்பியை எடுத்துப் பெரிய மாமாவின் தட்டருகே அவரே வைத்தார். பெரிய மாமா ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். நிதானமாக மென்றார்.

“ருசி பாத்துட்டேன்டா. சரியாத்தான் இருக்கு” என்று குப்பியைத் திருப்பித் தள்ளினார்.

அன்று அம்மா பதற்றத்தில் குழம்புக்கு உப்பே போட்டிருக்கவில்லை. நாங்கள் எல்லோரும் அப்படியே சாப்பிட்டு எழுந்தோம்.

சின்ன மாமா இந்த ஆண்டு காலமானார். அவர் கோப்புகளைப் பிரித்தபோது பெரிய மாமாவுக்கு அவர் மதிப்பெண் போட்ட அந்தத் தாளே இருந்தது. ஒன்பதாம் வரிசையில் சுழியம், அதனருகே அவர் சுருக்கொப்பம். தாளைத் திருப்பிப் பார்த்தேன். பென்சில் கீறல்கூட இல்லை.

இதைப் பதிவேட்டில் சேர்க்கலாமா என்று பெரிய மாமாவிடம் கேட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிசை வரிசையாகப் படித்தார்.

“வை. மார்க்க ஒழுங்காக் கூட்டியிருக்கானான்னு மட்டும் பாத்துக்கோ.”

கூட்டிப் பார்த்தேன். சரியாகவே இருந்தது.