பிரசவத்துக்கு முன்னே திரும்பி வந்தவள்

பெரும்பாறைக்கு மேலே, காப்பித் தோட்டங்களைத் தாண்டிய காட்டுக்குள் எங்கள் பளியர் குடி இருக்கிறது. தார் ரோடு வெகு கீழேயே நின்றுவிடும். வலி வந்த பிறகு தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம் என்றுதான், நிறைமாதமாக இருந்த என் தங்கச்சியை முன்கூட்டியே அடிவாரத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தேன்.

மறுநாளே வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்து நிற்கிறாள்.

"கிறுக்கா பிடிச்சிருக்கு உனக்கு?"

"பக்கத்துக் கட்டில்ல ஒரு பொம்பள செத்துப் போச்சுக்கா. அங்க எப்படிக் கெடக்க?"

எங்கள் சனம் சாவு விழுந்த இடத்தில் தங்காது. குடிசையில் யாராவது செத்தால் அதை அப்படியே விட்டுவிட்டு வேறு இடம் போவோம். எனக்கும் அந்தப் பயம் உண்டு. ஆனாலும் திட்டித் தீர்த்தேன். நாளைக்கு வெள்ளனே திரும்பக் கொண்டுபோய் விடுவதாகச் சொல்லிவிட்டுப் படுத்தேன்.

விடியும்போதே வலி கண்டுவிட்டது. கம்பளியை மூங்கிலில் தொட்டிலாகக் கட்டி ஆண்கள் தூக்கினார்கள். மழையில் பாதை வழுக்கியது. பாதி வழியில் கம்பளியிலிருந்து ரத்தம் சொட்டத் தொடங்கியது. "வெரசா போங்கடா" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். ரோட்டுக்கு வந்தால், போன் போட்டு வரச் சொல்லியிருந்த ஆம்புலன்ஸ் இல்லை. காத்துப் பார்த்துவிட்டு வேறு கேஸுக்குப் போய்விட்டதாம்.

கொடைக்கானலிலிருந்து கீழே இறங்குகிற கார்கள் வந்தன. கை காட்டினேன், கும்பிட்டேன். என் சேலையில் இருந்த ரத்தத்தைப் பார்த்ததும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனார்கள், பாவிகள். தங்கச்சி, "குளிருதுக்கா" என்றாள். நடு ரோட்டில் போய்ப் படுத்துவிட்டேன்.

வாழைத்தார் லாரி ஒன்று கிறீச்சிட்டு நின்றது. டிரைவர் இறங்கி வந்தார்.

"ஏம்மா, சாகறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?"

"சாகக் கூடாதுன்னுதாண்ணே படுத்துக் கெடக்கேன்."

அவர் லாரியின் பின்பக்கம் ஏறினார். தார்களைத் தள்ளி இடம் பண்ணிக் கொடுத்தார்.

பெண் பிள்ளை. லாரியிலேயே பிறந்தது, அழவே இல்லை. தங்கச்சியை மட்டும் ஆஸ்பத்திரியில் காப்பாற்றிக் கொடுத்தார்கள்.

"ஒழுங்கா இங்கயே இருந்திருந்தா பிள்ள பொழச்சிருக்கும். ஏம்மா ஓடிப் போன?" என்று நர்ஸ் கேட்டார். தங்கச்சி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கும் அதே ஆத்திரம்தான். நர்ஸ் நகர்ந்ததும், "வாயில என்ன கொழுக்கட்டையா? கேட்டதுக்குப் பதில் சொல்லேன்டி" என்று அவளை உலுக்கினேன்.

சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"ஒடனே ஓடி வரலக்கா. வராந்தாவுல ஒரு மூலை குடுங்க, அங்க படுத்துக்கிறேன்னு கேட்டேன். சிரிச்சாங்க."