படிக்கட்டுக்கு அடியில் இருந்தவள்

நம்பாதவர்களை நம்ப வைக்க எனக்குத் தெம்பில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். ஒரு வார்த்தைகூட நானாகச் சேர்க்கவில்லை. அன்றிலிருந்து, "பஸ் வந்துடுச்சா?" என்று யாராவது கேட்டால்கூடப் பதில் சொல்ல எனக்கு நாக்கு எழுவதில்லை.

என் அண்ணியோடு விடுதலைப் போராட்ட அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். ஒரு காலத்தில் தபால் நிலையமாக இருந்த கட்டடம் அது. விடுதலைக்கு முன்னால், அந்தத் தெருவில் போன ஊர்வலத்தின் மேல் சிப்பாய்கள் துப்பாக்கியால் சுட்டார்கள் என்று வாசல் பலகையில் எழுதியிருந்தது. அதற்கு மேல் நான் படிக்கவில்லை. புதுச் செருப்பு காலைக் கடித்து உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. அண்ணியோ டிக்கெட்டின் பின்பக்கத்தைக்கூட விடாமல் படிக்கிற ஆள்.

"நீங்க மேல போய்ப் பாத்துட்டு வாங்க அண்ணி. நான் இப்படியே உக்காந்திருக்கேன்."

"டிக்கெட் வாங்கிட்டு வந்து படிக்கட்டைப் பாக்கற ஒரே ஆளு நீதான்," என்று சொல்லிவிட்டு அவர் மாடி ஏறினார்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. வாசல் தகரக் கூரையில் படபடவென்று ஒரே அடி. கூடத்தில் என்னைத் தவிர யாரும் இல்லை. கடைசிப் படியில் உட்கார்ந்து குதிகாலைத் தடவிக்கொண்டிருந்தேன்.

நாலே கால் இருக்கும். மழை சட்டென்று நின்றது. குழாயை மூடியதுபோல.

அப்போதுதான் அந்தக் குரல்...

"நின்னுடுச்சாங்க?"

படிக்கட்டுக்கு அடியிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். மழைக்கு ஒதுங்கியவள் என்று நினைத்தேன். ஆனால் அவள் மேல் ஒரு சொட்டு ஈரம் இல்லை. தலையெல்லாம் சுண்ணாம்புத் தூள்.

"நின்னுடுச்சுங்க. இப்பதான்."

"நிச்சயமாவா?"

அவள் உதடு நடுங்கியது. மழைக்கா இவ்வளவு பயம்?

"சத்தமே இல்லையே. தைரியமா போங்க."

அவள் பின்னால் திரும்பி இருட்டைப் பார்த்துச் சொன்னாள். "நீ இரு தங்கச்சி. போகலாம்னு சொல்றாங்க. நான் முதல்ல போய்ப் பாக்கறேன்."

என்னைக் கடந்து வாசலுக்கு ஓடினாள். வெறுங்கால். கல் தரை. காலடிச் சத்தம் மட்டும் கேட்கவில்லை...

வாசல் திருப்பத்தில் மறைந்தாள்.

டப்.

ஒரே ஒரு சத்தம்.

நொண்டிக்கொண்டே ஓடினேன். வாசலில் காவலாளி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இப்ப ஒரு பொண்ணு வெளிய போச்சே?"

"யாரும் போகலைங்களே."

"சத்தம்?"

"என்ன சத்தம்?"

திரும்பி வந்து படிக்கட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தேன்.

சுவர்.

கீழே முழுக்கச் செங்கல் வைத்துப் பூசியிருந்தார்கள். ஒரு பூனை நுழையக்கூட இடமில்லை...

அண்ணியிடம் நான் மூச்சுவிடவில்லை. திரும்பும்போது பேருந்தில் அவராகத்தான் போனை நீட்டினார்.

"மாடியில ஒரு வீடியோ ஓடிட்டிருந்துச்சு. போன்ல எடுத்துட்டு வந்தேன். மனசே சரியில்ல. பாரு."

திரையில் ஒரு வயதான அம்மா. 'துப்பாக்கிச் சூட்டில் உயிர் தப்பியவர்' என்று கீழே எழுதியிருந்தது.

"நானும் அக்காவும் படிக்கட்டுக்கு அடியில ஒளிஞ்சிருந்தோம். வெடிச்சத்தம் அடங்கினதும் அக்கா எட்டிப் பாத்து, நின்னுடுச்சான்னு யார்கிட்டயோ கேட்டா. போகலாம்னு சொல்றாங்கன்னு என்கிட்ட சொல்லிட்டு ஓடினா. வாசலைத் தாண்டல. ஒரே குண்டு."

பேட்டி எடுத்தவர் கேட்டார்.

"யாரும்மா அப்படிச் சொன்னது?"

அந்த அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நானும் எட்டிப் பாத்தேனே... படியில யாருமே இல்ல."