செம்புக் குழியைச் சுற்றி அறுபத்து நான்கு கற்கள்

செட்டியார்பட்டிக்கு மேற்கே பேருந்து பஞ்சராகி நிற்கிறது. சாலையிலிருந்து நாற்பத்தொரு எட்டு நடந்தால், செம்பு இருக்கிறதா என்று பார்க்கத் தோண்டிய குழி. எட்டிப் பார்க்கிறேன். இரும்பு ஏணிக்கு இருபத்திரண்டு படி. அடியில், வெள்ளைப் பாறைக்கு நடுவே பச்சைக் கறை. குழிக்கு மூடியும் இல்லை, வேலியும் இல்லை.

விளிம்பைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குக் கற்களை அடுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் பெயிண்டில் ஓர் எண். ஜீப்பில் வந்த அதிகாரி அவற்றைப் பிரித்தெடுத்தபடி, ஆடு மேய்க்கும் பெண்ணைத் திட்டுகிறார்.

"யாரும்மா இதத் தொடச் சொன்னது? சாம்பிள் கல்லு!"

"ஒரு வருசமா சும்மா குமிஞ்சு கெடந்துச்சு சார். மூணு ஆடு உள்ள விழுந்துட்டு. அதான் எடுத்து அடுக்குனேன்."

"நம்பர் கலைஞ்சா எந்த ஆழத்துக் கல்லுன்னு எப்படித் தெரியும்?"

"ஆடு விழுந்த ஆழம் தெரியும் சார். சொல்லட்டுமா?"

அவர் காதில் வாங்கவில்லை. அறுபத்து நான்கு கற்களையும் டிரைவரை விட்டு ஜீப்பில் ஏற்றுகிறார். ஒரு கல் குறைந்தபோது பதறித் தேடினார். மூன்று ஆடுகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"குழியை எப்போதய்யா மூடுவீர்கள்?" என்று கத்துகிறேன்.

"அது வேற செக்‌ஷன், பெரியவரே." ஜீப் போய்விட்டது.

கண்மாய்த் தண்ணீருக்கு ஆடுகள் இந்த வழியாகத்தான் போயாக வேண்டும். முப்பத்தேழு ஆடுகள். குழிக்கு ஒருபக்கம் அந்தப் பெண் கைகளை விரித்து நிற்கிறாள். மறுபக்கம் நான் குடையை விரித்து நிற்கிறேன். இதுவரை பதினொன்று கடந்திருக்கின்றன. பேருந்து இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டது. அடிக்கட்டும்.