மீசைக்காரர் வீடு

போன வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு மீசை போனது. வெள்ளிக்கிழமையும் அதுவுமாக!

என் வீட்டுக்காரருடைய மீசை. கன்னம் வரை போய் வளைந்து நிற்கும். எங்கள் ஊர் நூம்பலில் விலாசம் தெரியாதவர்கள்கூட ‘மீசைக்காரர் வீடு எது?’ என்று கேட்டு வந்துவிடுவார்கள். கல்யாணத்தன்று நான் முதலில் பார்த்ததே அதைத்தான். அப்புறம்தான் ஆளைப் பார்த்தேன்.

அதை எடுக்கச் சொல்லி நான் கெஞ்சினேன். டாக்டர் சொன்னார். ஓசூரில் இருக்கும் மகன் போனில் கத்தினான். மனுஷன் அசையவில்லை. சங்கீதா என்று ஒரு பெண் வந்தாள்... நான் காபி போட்டு எடுத்து வருவதற்குள் மீசையைக் காணோம்.

வயிறு எரிந்ததா? எரிந்தது. உங்களிடம் மறைப்பானேன்!

அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்பு உருக்கும் ஃபவுண்டரி வேலை, கூடவே பீடி. இரண்டும் சேர்ந்து அவர் நுரையீரலைப் பதம் பார்த்துவிட்டன. சில மாதங்களுக்கு முன்னால், மத்தியானம் சோற்றில் கை வைத்தபடியே தூங்கிப்போனார். தட்டி எழுப்பினால், “இன்னாமே... வேலைக்கு நாழியாச்சா?” என்கிறார். ரிட்டயராகி வருஷக்கணக்கான மனுஷன்! ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வெளியே போக வேண்டிய காற்று சரியாகப் போகவில்லை, ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு ஏறிவிட்டது, அதனால்தான் இந்த மயக்கம் என்றார்கள்.

“முன்னெல்லாம் இந்த மாதிரி பேஷண்ட்ஸ் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்குமா அலைஞ்சுக்கிட்டே இருப்பாங்கம்மா” என்றார் நுரையீரல் டாக்டர். “இப்ப வென்டிலேட்டரையே வீட்டுக்கு அனுப்பிடறோம். மாஸ்க் போட்டுக்கிட்டுத் தூங்கணும், அவ்வளவுதான். ஆனா தினமும், காலம் பூரா. எங்க தெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து பாத்துப்பாங்க.”

மெஷின் வந்தது. டேபிள் ரேடியோ சைஸ்தான். ஒரு குழாய், மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் ரப்பர் மாஸ்க். வம்பு அங்கேதான். ரப்பர் கன்னத்தில் ஒட்ட வேண்டிய இடத்தில் மீசை உட்கார்ந்திருந்தது. இடுக்கு வழியாகக் காற்று லீக் ஆகும். லீக் ஆனால் மெஷின் கத்தும். நான் எழுந்து மாஸ்க் பட்டையை இறுக்கிவிட்டுப் படுப்பேன். கண் அசரும்... மறுபடியும் கத்தும். காலையில் அவருக்குத் தலைவலி, தள்ளாட்டம். எனக்கும் அதேதான், யார் கேட்டார்கள்?

டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார். “இப்படியே லீக் ஆனா மெஷின் இருந்தும் பிரயோஜனமில்லை. மறுபடி ஐ.சி.யு.தான். தொண்டைக்குள்ள குழாய் விட வேண்டி வரும். மீசையை எடுத்துடுங்க.”

“மீசைய எங்க ஊர்ல எப்போ எடுப்பாங்க தெரியுமா சார்?” என்றார் இவர். “சாவு உழுந்தா எடுப்பாங்க. எங்க நைனா கருமாதிக்கு எடுத்தேன். இப்ப நான் உசுரோட கீறேன். யாருக்குன்னு எடுக்கறது?”

வீட்டுக்கு வந்ததும் நான் ஆரம்பித்தேன். “நீ நல்லா இருக்கணும்னுதானேய்யா சொல்றேன்?”

“போனா போறேன், உடுமே.”

நான் அழுதேன். அவர் மீசைக்கு எண்ணெய் தடவினார்.

அப்புறம்தான் இந்த சங்கீதா, டாக்டர் சொன்ன தெரபிஸ்ட். நசரத்பேட்டையிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். வந்த முதல் நாள் ‘சார்’ என்றாள். “சார் மோர்லாம் வாணாம்மா” என்றார் இவர். “சரி நைனா” என்றாள். அவ்வளவுதான்... பெண் பிள்ளை இல்லாத மனுஷன் அப்படியே உருகிவிட்டார். நான் மாத்திரை கொடுத்தால் “வெச்சிட்டுப் போ”. அவள் கொடுத்தால் “குடும்மா குடும்மா”. நான் நிமிர்ந்து உட்காரச் சொன்னால் முதுகு வலிக்கும். அவள் சொன்னால் ஸ்கூல் பிள்ளை மாதிரி உட்காருவார்.

வேறு வடிவ மாஸ்க்கெல்லாம் கொண்டுவந்து பார்த்தாள். எல்லாவற்றிலும் லீக். போன வெள்ளிக்கிழமையும் வந்தாள். நான் காபி போட உள்ளே போனேன். திரும்பி வந்தால் நாற்காலி காலி. பாத்ரூமில் தண்ணீர் ஓடும் சத்தம்.

கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தார். மேலுதடு வெளுத்து, யாரோ போல நின்றார். அவள் ஒன்றுமே நடக்காதது மாதிரி மாஸ்க்கை மாட்டினாள். மெஷின் கப்சிப். அவர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். என்னிடமா? அவளிடம்!

வாசலில் அவளை மடக்கினேன். “இன்னாம்மா மந்திரம் போட்ட?”

“ஒண்ணுமில்லம்மா, சும்மா பேசிக்கினு இருந்தோம்.”

சும்மாவாம்! முப்பது வருஷமாக நானும் சும்மாதான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

அன்றிலிருந்து மெஷின் கத்தவில்லை. காலையில் எழுந்தால் அவருக்குத் தலைவலி இல்லை, தள்ளாட்டம் இல்லை. நானும் நன்றாகத் தூங்கினேன், வயிற்றெரிச்சலோடு.

ஞாயிற்றுக்கிழமை வாசல் கேட் பக்கம் நின்றிருந்தார். எதிர்வீட்டு தணிகாசலம் பதறிப்போய் ஓடி வந்தார். “இன்னா அண்ணாத்தே! யாருக்கு இன்னா ஆச்சு? ஒரு வார்த்தை சொல்லவேயில்ல?”

நான் ஜன்னலோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எந்தக் கேள்விக்குப் பயந்தாரோ, அதே கேள்வி.

“யாருக்கும் ஒண்ணும் ஆவலப்பா” என்றார் இவர் சாவகாசமாக. “எங்க ஊட்டம்மா தூங்கணும்ல... அதுக்குத்தான் எடுத்தேன்.”

உள்ளே வந்தவரை நான் விடவில்லை. “இன்னாய்யா சொன்ன அவர்கிட்ட?”

முகத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னார். “அந்தப் பொண்ணு கேட்டுது... ‘மெஷின் கத்தறப்பல்லாம் யார் நைனா எந்திரிக்கறது?’ன்னு. உன்னியத்தான் சொன்னேன். ‘அம்மா மூஞ்சிய நல்லா பாத்தீங்களா? கண்ணு ரெண்டும் உள்ள பூடுச்சு. உங்களுக்கு முன்ன அவங்க படுத்துடுவாங்க போலக்கீதே’ன்னுச்சு. நீ காபி போட்டுகினு இருந்தே... எட்டிப் பாத்தேன். மெய்தான். அப்புறம் இன்னா மீசை.”

டாக்டர், மகன், நான்... எல்லோரும் அவர் மூச்சைப் பற்றியே பேசினோம். என் தூக்கத்தைப் பற்றிப் பேசியது அவள் ஒருத்திதான்.

அப்படியானால் பொறாமை தீர்ந்திருக்க வேண்டுமே? இல்லை, கூடிவிட்டது. கூடவே குடியிருக்கும் என் முகத்தைப் பார் என்று என் புருஷனுக்குச் சொல்ல, நசரத்பேட்டையிலிருந்து ஒருத்தி ஸ்கூட்டியில் வர வேண்டியிருந்ததே!

நாளைக்கு சங்கீதா வருகிறாள். நீலச் சட்டைக்கு இஸ்திரி போட்டு வைக்கச் சொன்னார்.

போட்டு வைத்தேன். காலர் சுருக்கத்தை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன்.